மூலத்தில் உள்ளவாறு

மழை விடவில்லை.
கோத்தகிரி பஸ் நிலையம் எதிரே,
டீக்கடையின் ஐஸ்கிரீம் பெட்டிமேல்
போனைச் சாய்த்துவைத்துத் தட்டினேன்.
ஏழரைக்குப் பக்கம் மூடும்.
யார், எங்கே, எப்போது, எத்தனை பேர்.
"ஏன் என்பது, இடமிருந்தால் பார்க்கலாம்"
என்றார் கோவை டெஸ்க்கில் துரைவேலன்.
இருந்த இடம் பதினான்கு வரி.

கேரட் தோட்டம் ஒன்று
மேட்டிலிருந்து அப்படியே இறங்கி
ஒரு வீட்டின்மேல் உட்கார்ந்திருந்ததைப்
பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
சேறெங்கும் கேரட்டுகள்
யாரோ கழுவி அடுக்கியதுபோல்
அத்தனை சிவப்பு.
அதை எழுதவில்லை.
எழுதினால் வெட்டுவார்கள்,
வெட்டும்போது பக்கத்து வரியும் சேர்ந்து போகும்.

மொரசக்கல் ஹட்டியில் மண் சரிந்து
பெள்ளி (52) என்பவர் பலியானார்.
இவ்வளவுதான் அனுப்பினேன்,
மீதி மழையளவும் போக்குவரத்தும்.

காலையில் பேப்பர் வந்தது:
'வியாழன் இரவு மண்சரிவு: வெள்ளி பலி.'
எழுத்துப்பிழை என்று யாரோ திருத்தியிருந்தார்கள்.
படகர் வீட்டுப் பெள்ளியும் வெள்ளிதான்,
பொருள் தப்பவில்லை.
ஆள்தான் தப்பிப்போனார்.
டீக்கடையில் ஒருவர்
கிழமையைச் சொல்கிறார்கள் என்றே நினைத்தார்.
திருத்தம் போடச் சொன்னேன்.
"நாளைக்குப் பார்க்கலாம்மா."
நாளைக்குக் குன்னூரில்
பேக்கரிக்குள் கரடி புகுந்தது.

ஆறு வருடம் கழித்து, ஊட்டிக் கல்லூரி.
அதே மலை, அதே மழை, நூற்றெண்பது பக்கம்.
இங்கே யாருக்கும் ஏழரை மணி கிடையாது.
முதல் இயலில் மண்.
இரண்டாவதில் மண்ணைப் பற்றிச் சொன்னவர்கள்.
மூன்றாவதில், அவர்கள் சொன்னது
முழுக்கச் சரியில்லை என்றவர்கள்.
செய்தியில் முதல் வரியிலேயே இறந்த மனிதர்
ஆய்வேட்டில் இறப்பதற்கு
நூற்றுப்பதினோரு பக்கம் காத்திருந்தார்.

"இறந்தார் என்பதற்கு ஆதாரம்?"
பென்சிலால் வட்டம் போட்டார் எஸ்தர் மேடம்.
"நான் அங்கே இருந்தேன் மேடம்."
"இருந்ததெல்லாம் ஆதாரமில்லை. அச்சில் இருக்கா?"
இருந்தது.
என் பெயரில்கூட இல்லை, 'நமது நிருபர்.'
நமது நிருபரை மேற்கோள் காட்டினேன்
யாரென்றே தெரியாதவள்போல,
நாள், பக்கம், பத்தி எண்ணோடு.

பெயர் மட்டும் உதைத்தது.
"மேற்கோளில் கைவைக்கக் கூடாது.
வெள்ளின்னு இருந்தா வெள்ளிதான்.
பக்கத்தில் சதுர அடைப்புக்குள்
மூலத்தில் உள்ளவாறு என்று போடு."
மூலம் எது என்று கேட்டிருக்கலாம்.
'நான்' என்ற சொல்லை
ஏற்கெனவே ஒன்பது இடத்தில் அடித்து
'ஆய்வாளர்' என்று மாற்றியிருந்தார்.
ஆய்வாளர் வாயைத் திறக்கவில்லை.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பு
ஹட்டிக்குப் போனேன்.
பெள்ளியின் மனைவி மாதி
பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
நிவாரணக் கோப்பில் யாரோ
பேப்பர் கட்டிங்கை இணைத்துவிட்டார்களாம்.
ரேஷன் கார்டில் பெள்ளி, கட்டிங்கில் வெள்ளி.
பதினோரு மாதம் தாலுகா ஆபீஸ் நடை.
கடைசியில் கிடைத்தது இது:
'மேற்படி பெள்ளி என்பவரும்
வெள்ளி என்பவரும் ஒரே நபரே
எனச் சான்றளிக்கப்படுகிறது.'
தலைப்பில்லை, அடிக்குறிப்பில்லை,
கோணலாய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.
இந்த ஒரு வரியை
இரண்டு இடத்திலும் என்னால் எழுத முடிந்திருக்கவில்லை.

ஆய்வேட்டைக் கையில் வாங்கி
எடை பார்ப்பதுபோல் ஏந்தினாள்.
"இதுல கேரட்டு வருதா?
பிடுங்க நாலு நாள்தான் பாக்கி இருந்தது."
அட்டவணை நான்கு புள்ளி இரண்டைத் தேடிப் புரட்டினேன்.
பயிர் இழப்பு, ஹெக்டேரில்.
விரல் வைத்துக் காட்டினேன்.
அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவிலிருந்த
புள்ளியை
நகத்தால் ஒருமுறை சுரண்டினாள்,
மண் ஒட்டியிருப்பதாக நினைத்து.